சர்வர் ரூமில் தயிர்ப் போசி

என் அம்மாவிடம் யாராவது "மக என்ன வேலை பாக்குது?" என்று கேட்டால், "கம்ப்யூட்டருக்கு வாட்ச்மேன்" என்பாள். நானும் பலமுறை திருத்திப் பார்த்துவிட்டேன். இணையப் பாதுகாப்பு என்று சொல்லிக் கொடுத்தேன். சைபர் செக்யூரிட்டி என்றும் சொல்லிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அடுத்த ஆள் கேட்டதும் மறுபடி வாட்ச்மேன்தான். இப்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டால் நானே அப்படித்தான் சொல்கிறேன். அதற்கு மேல் கேள்வி வருவதில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. பெருமையாகத்தான் சொல்வேன். அப்பாவும் அம்மாவும் மல்லசமுத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வேலை செய்கிறார்கள். அப்பா தீவனம் போடுவார், அம்மா முட்டை எடுத்து அட்டையில் அடுக்குவாள். பண்ணைக்குள்ளேயே வேலையாட்களுக்கு வரிசையாக வீடுகள். அதில் ஒன்றில்தான் வளர்ந்தேன்.

பண்ணை ஷெட்டின் வாசலில் மருந்துத் தண்ணீர் நிரப்பிய சின்னத் தொட்டி ஒன்று இருக்கும். அதில் காலை நனைக்காமல் யாரும் உள்ளே போகக்கூடாது. வெளியிலிருந்து ஒரு நோய் வந்தால் மொத்தக் கோழியும் போய்விடும். அந்தத் தொட்டிக்கு என் அம்மாதான் காவல். பண்ணை முதலாளியின் மகளுக்குக் கல்யாணமான புதிதில், மாப்பிள்ளை பளபளப்பான ஷூவோடு கோழி பார்க்க வந்தார். அம்மா முட்டை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே குறுக்கே நின்றுவிட்டாள். "ஷூவைக் கழட்டிப் போட்டுட்டுக் காலை நனைச்சுட்டு வாங்க சாமி." மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். மாமனார், "நனைங்க மாப்ள, நானே நனைச்சுட்டுத்தான் போறேன்" என்றார். அவ்வளவுதான், யாருக்கும் வருத்தமில்லை. இந்தக் காட்சி பிற்காலத்தில் எனக்குச் சோறு போடும் என்று அப்போது தெரியாது.

என் தொழில் வாழ்க்கை தொடங்கியதும் அந்தப் பண்ணையில்தான். ஒன்பதாவது படிக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் மகன் போன் பூட்டின் பேட்டர்னை மாற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டான். போனை வாங்கி வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கோழித்தீவனம் என்பது மக்காச்சோளமும் சோயாவும் அரைத்த மாவு. விரலில் ஒட்டினால் லேசில் போகாது. அம்மாவுக்கு உதவி செய்துவிட்டுக் கை கழுவாமல் அந்தப் பையன் கோடு இழுத்திருக்கிறான். 'ட' எழுத்தைத் தலைகீழாகப் போட்ட மாதிரி ஒரு மாவுத் தடம் திரையில் கிடந்தது. அதே தடத்தில் நானும் இழுத்தேன், திறந்துகொண்டது.

அந்த அக்கா என்னை மந்திரக்காரி மாதிரி பார்த்தாள். எனக்கு என்னவோ, பூட்டைத் திறந்த சந்தோஷத்தைவிட, பூட்டு இவ்வளவுதானா என்ற ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. "போனை அடிக்கடி தொடைங்கக்கா" என்றேன். நான் யாருக்கோ சொன்ன முதல் பாதுகாப்பு ஆலோசனை அது. கட்டணம், ஒரு அவித்த முட்டை.

பிறகு கல்லூரியில் கணினி அறிவியல் படித்தேன். ஊருக்கும் கல்லூரிக்கும் இடையே பஸ்ஸில் போகும் நேரமெல்லாம் இலவச வீடியோக்களாகப் பார்த்தேன். ஒரு இணையதளம் எப்படி உடைகிறது, ஒரு ஏமாற்று மின்னஞ்சல் எப்படி எழுதப்படுகிறது, உடைத்ததை எப்படி நேர்மையாக உரியவரிடம் சொல்வது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். அதன் மூடி நிற்காது, முட்டை அட்டையை முட்டுக் கொடுத்துத்தான் பயிற்சி செய்தேன்.

சேலத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு. கீழே வெள்ளிக் கொலுசுப் பட்டறை, மாடியில் இவர்கள். நாள் முழுக்க காலடியில் சலங் சலங் என்று சத்தம் கேட்டபடி இருக்கும். அதை நடத்துகிறவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். "ஏம்மா இந்த வேலைக்கு வர்றே?" என்று கேட்டார். மாவுத் தடம் கதையைச் சொன்னேன். சார் உடனே தன் போனை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு சட்டையில் அழுத்தித் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

ஆரம்ப மாதங்களில் மற்றவர்கள் செய்த சோதனைகளுக்கு அறிக்கை தட்டச்சு செய்தேன். பிறகு நானே சின்னச் சின்ன சோதனைகள் செய்தேன். ஒருநாள் சார் கூப்பிட்டு, தனியாக ஒரு வேலை தந்தார். நாமக்கல் சாலையில் ஒரு கோழித்தீவன ஆலை. பக்கத்தில் வேறொரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களை எவனோ இணையம் வழியாகப் பூட்டிப் போட்டுப் பணம் கேட்கிறான் என்று கேள்விப்பட்டு, அந்த ஆலை முதலாளி பயந்துபோயிருந்தார். தன் ஆலை எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். மற்றதெல்லாம் எங்கள் அலுவலகத்திலிருந்தே பார்த்துவிடலாம். ஒன்று மட்டும் நேரில் செய்ய வேண்டியது. முன்பின் தெரியாத ஆள் ஒருவர் நுழைந்தால் எதுவரை போக முடிகிறது என்று பார்க்க வேண்டும். போன இடமெல்லாம் அடையாளமாகச் சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வர வேண்டும். விஷயம் முதலாளிக்கு மட்டும்தான் தெரியும்.

நான் மூன்று நாள் தயாரானேன். பிரிண்டர் சர்வீஸ் செய்யும் பெண்ணாக வேஷம். கழுத்தில் அட்டை, கையில் கருவிப் பை. யார் அனுப்பினார்கள், எந்த பிரிண்டர், என்ன கோளாறு, எல்லாவற்றுக்கும் பதில் மனப்பாடம். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "நாடகத்துல சேந்துட்டயா?" என்றாள்.

ஆலை அலுவலகத்துக்குப் போனபோது உச்சி வெயில். முன் மேசையில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். வருகிறவர்களை விசாரிப்பது, போன் எடுப்பது, லாரிக்காரர்களுக்குச் சீட்டுக் கொடுப்பது எல்லாம் அவர்தான். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்துவிட்டார்.

"ஐயோ, இந்த வெயில்ல வந்திருக்கீங்களே. தண்ணி குடிங்க மொதல்ல."

குடித்தேன்.

"எந்த ஊருங்க?"

மனப்பாடம் செய்ததில் இந்தக் கேள்வி இல்லை. "மல்லசமுத்திரம்" என்று உண்மையையே சொல்லிவிட்டேன்.

"அட, எங்க சின்னம்மா ஊடு அங்கதானுங்க! அப்ப நம்ம புள்ளையா நீயி? வா சாமி, இங்க அனலா இருக்குது. உள்ள ஏசி ரூமு இருக்குது, அங்க உக்காரு. மோரு கொண்டாரேன்."

அவர் கதவைத் திறந்துவிட்டுப் போன பிறகுதான் அது எந்த அறை என்று பார்த்தேன். சர்வர் ரூம். ஆலையின் கணக்கு, கொள்முதல், சம்பளம் எல்லாம் ஓடும் இயந்திரங்கள் வரிசையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கட்டடத்தில் ஏசி உள்ள அறை அது ஒன்றுதான். ஆகவே விருந்தாளிகளுக்கு இரண்டு நாற்காலி அங்கே போட்டிருந்தார்கள். அலுவலகத்துக்காரர்களின் சாப்பாட்டு டப்பாக்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. இயந்திர அலமாரியின் தலைமேல், குளிர்காற்று நேராகப் படும் இடத்தில், தட்டு போட்டு மூடிய ஒரு எவர்சில்வர் போசி. மூடியை நகர்த்திப் பார்த்தேன். தயிர், நன்றாக உறைந்திருந்தது.

ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து சர்வர்மேல் ஒட்டினேன். அவசரத்தில் கோணலாகிவிட்டது. அப்போது அந்த அக்கா மோரோடு உள்ளே வந்தார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

"என்ன சாமி அது?"

"இது... செக் பண்ணுனதுக்கு அடையாளமுங்க."

"கோணலா ஒட்டியிருக்கயே." டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, ஸ்டிக்கரை நகத்தால் பிரித்து, நேராக ஒட்டி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டார். "இப்ப பாரு, அழகா இருக்குது."

மோரில் இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்டிருந்தது. அதற்குப் பிறகு முதலாளியின் மேசை, கணக்கர் அறை என்று எல்லா இடத்திலும் ஒட்டினேன். பிரிண்டர் என்ற சொல்லைக் கடைசிவரை நான் உச்சரிக்கவே இல்லை. கிளம்பும்போது, "சாப்புட்டுப் போலாமில்ல" என்றார். "இன்னொரு நாளைக்கு வாரேனுங்க" என்று தப்பித்து வந்தேன்.

சேலம் திரும்பும் பஸ்ஸில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தனியாகச் செய்த முதல் வேலை, முழு வெற்றி. அறிக்கையை அழகாக எழுதினேன். யார் பெயரும் போடவில்லை. ஆனால் அந்த அலுவலகத்தில் முன் மேசை ஒன்றுதானே.

முதலாளி அறிக்கையைப் படித்துவிட்டு எங்களை வரச் சொன்னார். சாரும் நானும் போனோம். அவர் முகம் சிவந்திருந்தது.

"தயிர்ப் போசி வெக்கற எடமா அது? வர்றவன் போறவனையெல்லாம் உள்ள கூட்டி உக்கார வெக்குதா அந்தப் பொம்பளை? இந்த மாசத்தோட நின்னுக்கச் சொல்லீர்றேன்."

என் வெற்றியைப் பற்றி எழுதியபோது, அது யார் வேலையைத் தின்னும் என்று யோசிக்கவில்லை. சார் பேசுவார் என்று பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். சோதனை என்னுடையது, பேச வேண்டியதும் நானே.

"ஏனுங்க, அந்த அக்கா மேல தப்பில்லீங்க. வந்தவங்களை உக்கார வெக்க உங்க ஆபீஸ்ல வேற எடமே இல்லீங்களே."

"அப்ப வெயில்ல நிக்கட்டும்."

"உங்க மாமியா ஊட்டுக்காரங்க வந்தாலும் நிக்க வெப்பீங்களா?"

சார் இருமினார். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ யாரூட்டுப் புள்ள அம்மிணி?"

சொன்னேன். எந்தப் பண்ணை, அப்பா என்ன வேலை, அம்மா என்ன வேலை என்று எதையும் மறைக்கவில்லை. அந்தப் பண்ணைக்கு இவருடைய ஆலைத் தீவனம்தான் போகிறது.

"ஓ, தீவன விசயமா வந்தப்ப மருந்துத் தண்ணியில காலை நனைக்கச் சொல்லி என்னையவே நிறுத்துனாங்களே, அந்தம்மா மகளா?" என்றார். முகத்தில் கொஞ்சம் சிவப்பு இறங்கியது.

நான் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டேன். "அதேதானுங்க இங்கயும் வேணும். தொட்டி வெச்சாத்தானுங்க காலை நனைக்கச் சொல்ல முடியும்? ஒரு மாசம் குடுங்க. மறுபடி சோதிச்சுப் பாக்கறோம்."

"சரி, ஒரு மாசம். ஆனா மறுக்கா யாராச்சும் அந்த ரூமுக்குள்ள போயிட்டாங்கன்னா, அந்தப் பொம்பளை ஊட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் பேச்சு மாற மாட்டேன்."

அடுத்த வாரம் ஆலை ஊழியர்களை எல்லாம் உட்கார வைத்துப் பேசப் போனேன். அப்போதுதான் அந்த அக்காவுக்கு நான் யார் என்று தெரிந்தது.

"மோரு குடிச்சுட்டு முதுகுல குத்திட்டயே அம்மிணி" என்றார், எல்லோர் முன்னாலும்.

"குத்தலீங்கக்கா, ஸ்டிக்கருதான் ஒட்டுனேன்."

"அதையும் நாந்தானே நேரா ஒட்டிக் குடுத்தேன்!"

அறையே சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது. முதலாளி சொன்னதை அவரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்கள். அவருடைய இரண்டு பிள்ளைகளும் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் தயாரித்துக்கொண்டு போன படங்களைப் போடவே இல்லை. பண்ணைத் தொட்டியைப் பற்றி மட்டும் பேசினேன். அவர்கள் எல்லோரும் கோழித் தொழிலில் ஊறியவர்கள், அரை வார்த்தையில் புரிந்துகொண்டார்கள். அந்த அக்கா கையைத் தூக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வந்தவங்களை வாசல்லயே நிறுத்தறதுன்னா, மனுசங்க மூஞ்சியில எப்படி முழிக்கறதுங்க?"

எந்தப் பாடத்திலும் இதற்குப் பதில் இல்லை. "மோரை வாசலுக்குக் கொண்டு வந்துருங்கக்கா" என்றேன். அப்படியே செய்தார்கள். முன்வாசல் தகரக் கூரைக்குக் கீழே அந்த அக்காவின் மேசை, பெஞ்சு, ஒரு ஃபேன், ஒரு மோர்ப்பானை. சர்வர் ரூமுக்கும் அலுவலகக் கதவுக்கும் பூட்டு, சாவி அந்த அக்காவிடம். போசி வெளியேற்றப்பட்டது. "உன்னாலதான் எங்க தயிரெல்லாம் மத்தியானத்துக்குள்ள புளிச்சுப்போவுது" என்று கணக்கர் போன் செய்து திட்டினார்.

மாதம் முடிய இருந்தபோது சார் சொன்னார். "நீயே போ. தெரியாத ஆளை நிறுத்த இப்ப பழகியிருப்பாங்க. தெரிஞ்ச ஆளை நிறுத்தறாங்களான்னு பார்க்கணும். ஒண்ணு சொல்றேன், அந்தம்மாவுக்காக விட்டுக்கொடுத்துடாதே. நாளைக்கு வர்ற திருடன் விட்டுக்கொடுக்க மாட்டான்."

விட்டுக்கொடுக்கவும் கூடாது, உள்ளே போய்விட்டால் அந்த அக்காவுக்கு வேலையும் இருக்காது. இரண்டு நாள் முழுக்க, எங்கள் பக்கத்தில் யாராலும் நிறுத்த முடியாத ஆள் யார் என்று யோசித்தேன். பதில் எங்கள் வீட்டிலேயே கிடந்தது. மாமா புது வீடு கட்டி முடித்து, புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை அடித்து வந்திருந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகை கொண்டு வருகிறவர்களை எங்கள் ஊரில் எவரும் வாசலில் நிறுத்துவதில்லை. பத்திரிகையை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வதும் இல்லை. உள்ளே அழைத்து, உட்கார வைத்து, உரியவர் கையால்தான் வாங்க வேண்டும்.

அம்மாவைக் கூட வரச் சொன்னேன். விஷயத்தையும் சொன்னேன். சாரும் முதலாளியும் சம்மதித்திருந்தார்கள்.

"பொய்ப் பத்திரிகை வெச்சா ஊடு வெளங்குமா?" என்றாள் அம்மா.

"பொய்யில்லம்மா. மாமா ஊட்டு விசேசத்துக்கு நெசமாவே கூப்புடறோம்."

"அப்படின்னா சரி. அவங்க வந்தா நல்லா கவனிக்கோணும்." அம்மா தன் ஒரே இளம்பிள்ளைப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். மாமாவிடம் கேட்டபோது அவருக்கு ஒரே சந்தோஷம். தீவன ஆலை முதலாளி தன் வீட்டுக்கு வரக்கூடும் என்பதை அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

அம்மா கையில் தட்டு, என் பையில் சிவப்பு ஸ்டிக்கர். ஆலை வாசலில் இறங்கினோம். அந்த அக்கா எழுந்து கை கூப்பினார்.

"வாங்கம்மா, வா சாமி. மோரு குடிங்க."

"வேலையா வரலீங்கக்கா" என்றேன். முழுதும் பொய்யுமில்லை. "எங்க மாமா ஊட்டு விசேசம். மொதலாளிக்கும் உங்களுக்கும் பத்திரிகை வெக்க வந்தோம். மொதலாளி உள்ளதானே இருக்கார்?"

அவர் கண் தட்டின் மேல் போனது. என் முகத்துக்கு வந்தது. திரும்பத் தட்டுக்குப் போனது. ஒரு கால் தானாகவே விலகி எங்களுக்கு வழி விடப் பார்த்தது. நான் அந்த இடைவெளியில் ஒரு அடி எடுத்து வைத்தேன். சார் சொன்னபடி விட்டுக்கொடுக்கவில்லை. "வெயிலுங்கக்கா, அம்மாவுக்கு நிக்க முடியாது" என்றும் சேர்த்துக்கொண்டேன். எனக்குள் யாரோ, நிறுத்துங்கக்கா, நிறுத்துங்க என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த அக்கா கையை நீட்டி அம்மாவின் முழங்கையைப் பிடித்தார். மெதுவாக, பெரிய மனுசியை மணையில் உட்கார வைக்கிற மாதிரி, பெஞ்சில் உட்கார வைத்தார். ஃபேனைத் திருப்பிவிட்டார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. தட்டை நீங்களே வெச்சிருங்க, நான் கைநீட்டி வாங்கக்கூடாது. உள்ளயும் கூட்டிட்டுப் போக முடியாதுங்க. மொதலாளியை இங்க கூட்டிட்டு வாரேன். அவர் வந்து வாங்குனா உங்களுக்கும் மரியாதை, எனக்கும் வேலை இருக்கும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பூட்டும் சத்தம் கேட்டது. அந்த மாதிரி இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

அம்மா என் காதில், "கெட்டிக்காரி" என்றாள். அம்மா யாரையும் லேசில் அப்படிச் சொல்ல மாட்டாள்.

கொஞ்ச நேரத்தில் முதலாளி வெளியே வந்தார். பின்னாலேயே கணக்கரும் மற்றவர்களும். அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் சோதனையின் முடிவு அவருக்குப் புரிந்துவிட்டது. "ஆக, அங்க நீங்க என்னை நிறுத்துனீங்க, இங்க என் ஆபீஸ்ல இருந்தே என்னை வெளிய வர வெச்சாச்சு" என்றார். இரண்டு கையாலும் தட்டைத் தொட்டுப் பத்திரிகையை எடுத்துக்கொண்டார். பிறகு திரும்பி, எல்லோர் காதிலும் விழும்படி அந்த அக்காவிடம் சொன்னார். "அந்த மேசை உன்னோடது. இனி நானே சாவி கேட்டாலும் ஏன்னு கேளு."

அந்த அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மோர் ஊற்றினார். எனக்குக் கொடுக்கும்போது, "இதையும் குடிச்சுட்டு என்ன எழுதப் போற?" என்றார்.

"உள்ள விடலைன்னு எழுதுவேனுங்கக்கா."

"எங்க, அந்தச் செவப்பு ஸ்டிக்கரு கொண்டு வந்திருக்கயா? ஒண்ணு குடு."

கொடுத்தேன். மோர்ப்பானையின் வயிற்றில், மிக நேராக, ஒட்டிக்கொண்டார். அம்மா எதிரில் உட்கார்ந்து, கோணல் இல்லை என்று சொன்னாள்.

ஒரு சோதனையில் உள்ளே போக முடியாமல் திரும்பி வந்து நான் எழுதிய முதல் அறிக்கை அது. அரைப் பக்கம்தான். சார் படித்துவிட்டு, வேலை நிரந்தரம் என்று அதன் ஓரத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே கொலுசுப் பட்டறையில் சலங் சலங் என்று தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாமா வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு முதலாளி காலையிலேயே தலையைக் காட்டிவிட்டுப் போனார். அந்த அக்கா கணவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பந்தி நேரத்துக்கு வந்தார். வாசலில் அம்மா நின்றிருந்தாள், அதே இளம்பிள்ளைப் பட்டு. அந்த அக்கா படிக்குக் கீழேயே நின்றுகொண்டு, உரக்கக் கேட்டார்.

"ஏனுங்கம்மா, நேரா உள்ள வரலாமுங்களா? இல்ல வாசல்ல பெஞ்சு கிஞ்சு போட்டிருக்கீங்களா?"

அம்மா பக்கத்திலிருந்த தண்ணீர் அண்டாவையும் சொம்பையும் காட்டினாள்.

"காலை நனைச்சுட்டு வாங்க சாமி."